பத்தாம் வகுப்புக் கணக்கில் நூல் எங்கே அறுகிறது?

சைன் 60இன் வர்க்கத்திலிருந்து சைன் 45இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு. அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்காமல் மதிப்புகளை எழுதிவிட்டாள்: 3/4 − 1/2. அட்டவணை அவளுக்கு அத்துப்படி. அடுத்த வரியில் 2/2 என்று எழுதி, அதைச் சுருக்கி 1 என்று விடை போட்டு அடியில் கோடும் இழுத்தாள். மேலே மூன்றிலிருந்து ஒன்று போயிற்று, கீழே நான்கிலிருந்து இரண்டு போயிற்று.

"முக்கால் கிலோ தக்காளி வச்சிருக்கே. அதுல அரைக் கிலோ வித்துட்டே. மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"கால் கிலோ, அக்கா. ஒரு பாவ்" என்றாள், நோட்டிலிருந்து நிமிராமலே.

அவள் அம்மா தெற்கு தில்லியில் வாரச் சந்தைகளில் காய்கறி விற்பவர். பள்ளி விட்டு வந்ததும் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது இவள்தான். முக்காலில் அரை போனால் கால் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் எழுதிய 3/4 என்பதும் அந்த முக்கால்தான் என்பதை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

விடைத்தாளில் இந்தத் தவறு என்னவென்று பதிவாகும்? 'முக்கோணவியலில் கவனம் தேவை' என்று பதிவாகும். சிறப்பு வகுப்பில் திரும்பவும் முக்கோணவியல் நடத்துவார்கள். டியூஷனிலும் அதையேதான் நடத்துவார்கள். அவளுக்கு முக்கோணவியலில் எந்தக் குறையும் இல்லை. ஐந்தாவது, ஆறாவதில் பின்னம் நடத்தியபோது விட்டுப்போன ஒன்று பத்தாவதில் வந்து மதிப்பெண்ணைக் கொண்டுபோகிறது. ஜங்புரா பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிற எனக்கு, உயர்நிலைப் பள்ளிக் கணித மதிப்பெண்ணை உயர்த்துவது பற்றிச் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த ஒன்றுதான்: மதிப்பெண் போகும் பாடம் வேறு, நூல் அறுந்த பாடம் வேறு. அறுந்த இடத்தைத் தேடிப் போகாமல் எத்தனை மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்தாலும் பலன் குறைவு.

இது ஒரு பிள்ளையின் கதை இல்லை. தில்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோர் ஓர் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எந்த வகுப்பு அளவுக்குக் கணக்குத் தெரியும் என்று அளந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. அதாவது கையில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம், தலைக்குள் நாலாம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வகுப்பு ஏற ஏற இடைவெளி கூடுகிறது என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய செய்தி. ஆண்டுதோறும் பாடத்திட்டம் முன்னால் ஓடுகிறது, பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நாடு முழுவதும் 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வும் இதே சரிவைத்தான் காட்டியது. 500க்குக் கணிதச் சராசரி மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255. பத்தில் அதற்கும் கீழே. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் 2023இல் எடுக்கப்பட்ட ஏசர் என்ற கல்வி நிலை ஆய்வில், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43 சதவீதம்தான். 'ஊரிலேயே விட்டிருந்தால் நன்றாகப் படித்திருப்பான்' என்று இங்கே சில பெற்றோர் என்னிடம் வருத்தப்படுவதுண்டு. பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடு கலந்துகொண்டது. கணிதத்தில் 351 புள்ளி. வளர்ந்த நாடுகளின் சராசரி 500ஐ ஒட்டி. ஊரும் இதே நிலையில்தான் இருந்தது, அவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, ஏன் கணக்கில் மட்டும் இப்படி? சமூக அறிவியலில் மொகலாயர் பாடத்தைக் கோட்டை விட்ட பிள்ளை அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியைப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம். கணக்கில் அது முடியாது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பின் 80 மதிப்பெண் பங்கீட்டைப் பாருங்கள்: எண்கள் 6, இயற்கணிதம் 20, ஆயத்தொலை வடிவியல் 6, வடிவியல் 15, முக்கோணவியல் 12, அளவியல் 10, புள்ளியியலும் நிகழ்தகவும் 11. இதில் பின்னத்துக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. குறை எண்களுக்கும் இல்லை. ஆனால் நிகழ்தகவின் விடை பின்னம். முக்கோணவியல் என்பதே பக்கங்களின் விகிதம். ஒத்த முக்கோணங்களும் விகிதம்தான். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தில் ஒரு குறைக்குறி தவறினால் முழுக் கணக்கும் போச்சு. பெயர் சொல்லி மதிப்பெண் ஒதுக்கப்படாத இரண்டு பாடங்கள் எல்லாப் பாடங்களுக்கும் அடியில் இருக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சீக்லரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, அந்தப் பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் கணிதத்தில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானத்தையும் பெற்றோர் படிப்பையும் பொது அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு அப்படியே நின்றது.

ஒன்பதாம் வகுப்பில் இது வெடிக்கிறது. எட்டு வரை கைவிரல், குத்துமதிப்பு, பக்கத்துப் பிள்ளையின் நோட்டு என்று ஓட்டிவிடலாம். ஒன்பதில் விகிதமுறா எண்கள், பல்லுறுப்புக்கோவைகள், நிரூபணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். 2010களின் நடுவில் தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேர்ச்சி பெறாமல் நின்ற ஆண்டுகள் உண்டு. ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் படிக்கும்போது, ஒன்பதில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், எத்தனை பேர் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நலிந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் சதவீதம் தானாக ஏறும், யாரும் எதையும் புதிதாகக் கற்றிருக்க மாட்டார்கள்.

அப்புறம் மொழி. இதைப் பற்றித் தில்லித் தமிழர்கள் தனியாகவே பேச வேண்டும். ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இங்கே இருப்பதால், நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழைப் பாடமாகப் படிக்க வழி இருக்கிறது. ஆனால் கணக்கு ஆங்கிலத்தில். கடைத்தெரு இந்தியில். வீடு தமிழில். ஒரே பிள்ளை 39 என்ற எண்ணை ஒரே நாளில் மூன்று விதமாகச் சொல்கிறது. தமிழில் முப்பத்தொன்பது: முப்பது, அதோடு ஒன்பது. பெயரிலேயே இடமதிப்பு இருக்கிறது. இந்தியில் உன்தாலீஸ், நாற்பதுக்கு ஒன்று குறைவு என்ற கணக்கு. 49 உன்சாஸ், 59 உன்சட் என்று போகும். 89இல் நவாசி என்று அந்த வழக்கம் மாறிவிடும். (தமிழிலும் தொண்ணூறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.) மூன்றும் தெரிவது பலம்தான். ஆனால் காதில் விழும் பெயரும் தாளில் எழுதும் இலக்கமும் ஒன்றோடொன்று பிணையாமலே பல பிள்ளைகள் எட்டாவது தாண்டிவிடுகின்றன.

பின்னத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வகுப்பில் 1/3 என்பதை 'ஒன் பை த்ரீ' என்று படிக்கிறார்கள். பிள்ளையின் காதுக்கு அது ஒன்று, மூன்று என்ற இரண்டு எண்கள். 'ஒன் பை த்ரீ', 'ஒன் பை ஃபோர்', இதில் எது பெரியது என்று கேட்டால் நாலு பெரியது என்பதால் இரண்டாவதைக் காட்டுகிறது. தமிழில் 'மூன்றில் ஒரு பங்கு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மூன்றாகப் பிரித்தாயிற்று, அதில் ஒன்றை எடுத்தாயிற்று. சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. நாலு பேருக்குப் பிரித்த தோசையில் ஒருவர் பங்கா, மூன்று பேருக்குப் பிரித்ததில் ஒருவர் பங்கா, எது பெரியது? எந்தப் பிள்ளையும் இதில் தப்புவதில்லை.

இயற்கணிதத்திலும் அப்படித்தான். 'எக்ஸைவிட 5 குறைவு' என்பதைத் தமிழில் கேட்டால் எக்ஸ் முதலில், 5 பிறகு. அப்படியே எழுதினால் எக்ஸ் − 5, சரியான விடை. ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' என்று 5 முன்னால் வருகிறது. பிள்ளை கேட்ட வரிசையில் எழுதினால் 5 − எக்ஸ், தவறு. இதைக் கணக்குத் தெரியாத பிள்ளை என்று சொல்வது நியாயமே இல்லை. அதனால் நான் வாக்கியக் கணக்கை முதலில் தமிழிலோ இந்தியிலோ வாயால் சொல்ல வைக்கிறேன், பிறகுதான் எழுத விடுகிறேன். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் புரிந்த பொருளுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது எளிது. புரியாத ஆங்கிலத்துக்குள் பொருளைத் தேடுவதுதான் கடினம்.

தராசுக்காரப் பெண்ணுக்கு வருகிறேன். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை பார்க்கும் 1,436 பிள்ளைகளை ஆராய்ந்து 2025இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பல பொருள்கள், கிலோ விலை, மீதிச் சில்லறை என்று சிக்கலான கணக்குகளை மனத்திலேயே போட்டவர்கள், அதைவிட எளிய கழித்தலையும் வகுத்தலையும் பள்ளி வடிவில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். மறுபக்கம், சந்தையில் விற்றுப் பழக்கமில்லாத 471 பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக் கணக்கை ஓரளவு செய்தார்கள், ஆனால் சந்தைக் கணக்கில் தோற்றார்கள். ஒரு பக்கத்து அறிவு மறு பக்கத்துக்குத் தானாகப் போவதில்லை. யாராவது பாலம் போட வேண்டும். முக்கால் கிலோவுக்கும் 3/4க்கும் நடுவில் ஆசிரியர் செலவிடும் பத்து நிமிடம்தான் அந்தப் பாலம்.

எது பலன் தருகிறது என்பதற்கும் இந்தியாவிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை 'பால்சகி' திட்டத்தை பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்தியது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளில் 15, 20 பேரைப் பள்ளி நேரத்திலேயே இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டில் தேர்வு மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல அந்தப் பெண்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

மேலே சொன்ன தில்லி ஆய்வு அதே எண்ணத்தை உயர்நிலை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. பள்ளி முடிந்தபின், வாரம் ஆறு நாள், தினமும் ஒன்றரை மணி நேரம். பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள், பாதி நேரம் சிறு குழுவில் ஆசிரியர். மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையின் தவறையும் பார்த்து, அதற்கேற்ற நிலைக் கணக்கைக் கொடுத்தது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் முன்னேறியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் கடைசி நிலையில் இருந்தவர்களுக்கே பலன் அதிகம். ஏனென்றால் வழக்கமான வகுப்பில் அவர்களுக்கு முன்னேற்றமே இல்லாமல் இருந்தது. இதைப் படித்துவிட்டு 'டேப் வாங்கிக் கொடுத்தால் போதும்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலை செய்தது கருவி இல்லை, பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்கியதுதான்.

தில்லி அரசும் 2016இல் 'சுனௌதி', 2018இல் 'மிஷன் புனியாத்' என்று அடிப்படைத் திறனுக்குத் திட்டங்கள் கொண்டுவந்தது. நிலை பார்த்துக் குழுவாகப் பிரிப்பது சரியான எண்ணம் என்றே நினைக்கிறேன். ஆனால் பிரிவையே நிரந்தரமாகப் பிரித்து 'நலிந்தவர்கள் செக்‌ஷன்' என்று ஆக்கிவிட்டால் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சுமக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைச் சுமந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் மட்டும் குழு மாறி உட்காருவதும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து இடம் மாற்றுவதும் நல்லது.

என் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைக்கு எந்த வகுப்பாக இருந்தாலும் ஒரே ஒரு பக்கத் தாள்தான் கொடுக்கிறேன். 0.5, 0.35 இதில் எது பெரியது? 8 + 4 = □ + 5, கட்டத்தில் என்ன? −3 − 5 எவ்வளவு? (3 + 4)², 3² + 4², இரண்டும் ஒன்றா? (6 + 5)/6 என்பதில் 6ஐ அடித்துவிடலாமா? மதிப்பெண் போடுவதில்லை, தவறை மட்டும் படிக்கிறேன். கட்டத்தில் 12 என்று எழுதும் பிள்ளைக்குச் சமக்குறி என்றால் 'விடை வரும் இடம்' என்று அர்த்தம், இரண்டு பக்கமும் ஒன்று என்று அர்த்தமில்லை. அந்தப் பிள்ளைக்குச் சமன்பாடு எப்படிப் புரியும்? −3 − 5க்கு 8 என்று எழுதுபவன் 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற பாட்டைக் கண்ட இடத்தில் போடுகிறான். அண்ணாச்சி கடையில் மூணு ரூபாய் பாக்கி, இன்னும் அஞ்சு ரூபாய்க்குக் கடன் வாங்கினால் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் பாட்டு நின்றுவிடும். 6ஐ அடித்துவிட்டு 'கட் ஆயிடும் அக்கா' என்பவர்களுக்கு எண்ணையே போட்டுக் காட்டுகிறேன்: 11/6 எப்படி 5 ஆகும்?

இதற்கெல்லாம் தனிப் புத்தகம் தேவையில்லை. 2024இல் வந்த என்சிஇஆர்டியின் ஆறாம் வகுப்புப் புத்தகமான 'கணித பிரகாஷ்' பின்னத்துக்கு ஒரு நல்ல பாடமும், குறை எண்களுக்கு 'பூஜ்யத்தின் மறுபக்கம்' என்ற பொருளில் ஒரு பாடமும் வைத்திருக்கிறது. லிஃப்டில் ஏறி இறங்கித்தான் அங்கே கூட்டல் கழித்தல். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வெட்கமாக இருக்கும். 'தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கணும், நீ படிச்சுக் காட்டு' என்று சொன்னால் திறந்துவிடுகிறார்கள்.

பயிற்சியைப் பற்றி ஒன்று. ஒரே மாதிரிக் கணக்கை இருபது தடவை போடவைப்பதுதான் டியூஷனின் வழி. போடும்போது எல்லாம் வரும், தேர்வில் எதுவும் வராது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழாம் வகுப்பில் 54 வகுப்பறைகளை வைத்து டக் ரோரர் குழு நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனையில், பல பாடக் கணக்குகளைக் கலந்து போட்ட மாணவர்கள் ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வந்த தேர்வில் 61 சதவீதம் எடுத்தார்கள். ஒரே வகையாக அடுக்கிப் போட்டவர்கள் 38. கணக்குகளின் எண்ணிக்கை ஒன்றுதான், வரிசைதான் வேறு. கலந்து வந்தால் எந்த வழியைப் பிடிப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தேர்வும் அதைத்தானே கேட்கிறது.

பெற்றோர் அடிக்கடி கேட்பது ஸ்டாண்டர்டா, பேசிக்கா என்று. 2020 தேர்விலிருந்து சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு நிலைத் தாள்கள் உண்டு. பாடத்திட்டம் ஒன்றே, பேசிக் தாள் எளிது. பதினொன்றில் கணிதம் எடுக்க நினைப்பவர்களுக்கென்று வைத்தது ஸ்டாண்டர்ட். பேசிக் எழுதியவர்களுக்கும் வாரியம் சில ஆண்டுகளில் தளர்வு தந்திருக்கிறது, அந்தந்த ஆண்டு பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பயத்தில் தவிக்கும் பிள்ளைக்கு பேசிக் ஒரு மூச்சு விடும் இடம், அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே 'இவன் பேசிக்தான்' என்று எழுதிவைத்துவிட்டு அடிப்படையைச் சரிசெய்யாமல் விடுவது அநியாயம். சரிசெய்ய முழுதாக இரண்டு ஆண்டு இருக்கிறது அப்போது.

2025 ஜூன் 1ஆம் தேதி, ஜங்புராவை ஒட்டிப் பாராபுல்லா வடிகால் கரையில் இருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வீடுகள். பாதிக்குச் சற்றே மேற்பட்டவர்களுக்கு நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளிகளிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒரு பிள்ளை மூன்று வாரம் பள்ளிக்கு வராமல் போனால் இந்தியில் ஒரு கதை போகும், கணக்கில் ஒரு பாடமே போய், அதன்மேல் கட்டப்படும் அடுத்த மூன்றும் ஆடும். பஸ் வசதி, வருகைப்பதிவு, வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது எல்லாமே கணித மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சுத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் இப்போது 3/4 − 1/2 என்று வந்தால் ஓரத்தில் சின்னதாக ஒரு தராசு வரைந்துகொள்கிறாள். ப்ரீ-போர்டில் முக்கோணவியல் முழுவதும் சரி. மதிப்பெண் போனது ஒத்த முக்கோணங்களில். தாளை வாங்கிப் பார்த்தேன். தேற்றத்தைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள், 6 : 4 என்பதையும் 9 : 6 என்பதையும் வெவ்வேறு விகிதம் என்று நினைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது பக்கத்து வீட்டுப் பையனின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தையும், அம்மா இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளக்கிற ஆழாக்கையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.